வளர்த்த பிராணிக்கு ஒரு குழி, வளர்த்தவருக்கு ஒரு வார்த்தை: வேலூர் மாநகராட்சிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், சுகாதாரப் பிரிவு அலுவலர்களுக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ மாடியில் வாடகைக்கு இருப்பவரின் நாய் ராத்திரி பத்து மணிக்கு இறந்துபோனால், அழக்கூட நேரமில்லாமல் முதலில் மண்ணுக்கு அலைய வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் தோண்ட விடமாட்டார். மலையோரத் தெருக்களில் கொஞ்சம் தோண்டினாலே கடப்பாரை பாறையில் மோதும். கடைசியில் கோணியில் கட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பாலாற்றுக்குப் போகிறார்கள்.

தண்ணீரில்லா ஆறு என்று ஊரார் கேலி பேசினாலும், அந்த மணலுக்கடியில் ஊறுவதைத்தான் கிணறு வைத்து எடுத்துக் குடிக்கிறோம். மணலில் குழியின் ஓரம் சரிந்துகொண்டே இருப்பதால் ஆழம் கிடைக்காது. மேலாகப் புதைத்ததைத் தெருநாய்கள் கிளறிவிடும். 2021 நவம்பரில் வந்ததுபோல் வெள்ளம் வந்தால் மிச்சமும் மேலே வந்துவிடும்.

இறந்த வளர்ப்புப் பிராணிகளைப் புதைக்க மாநகராட்சி எல்லைக்குள் ஓரிடம் ஒதுக்குங்கள். கிணறு, போர்வெல்லிலிருந்து 100 அடியாவது தள்ளி, மழைநீர் தேங்காத மேடாக இருக்கட்டும். 30 கிலோ நாய்க்கு 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 4 அடி ஆழம் வேண்டும். உடலுக்கு மேல் 3 அடி மண் நிற்க வேண்டும். பருத்தித் துணி போதும், பிளாஸ்டிக்கில் சுற்றினால் மக்காது. சுண்ணாம்பை மூட்டையாகக் கொட்டுவது இங்கே பழக்கம். அது வாடையை அடக்கும், மக்குவதையும் தாமதப்படுத்தும். ஒரு தூவல் போதும். மழைக்கு மண் இறங்கும் என்பதால் அரையடி மேடாக மூடி, மேலே வேலிக்காத்தான் முள்ளைப் போட்டுக் கல் வைக்க வேண்டும். கருணைக்கொலை ஊசி போட்ட உடலென்றால் ஆழத்தில் சமரசமே கூடாது. அந்த மருந்து சதையில் தங்கும், தோண்டித் தின்னும் பிராணியையும் கொல்லும்.

உடலை எடுத்துப்போக மாநகராட்சி வண்டி ஒன்றும் வேண்டும். அது வரும்வரை வீட்டார் செய்ய வேண்டியதைப் போனிலேயே சொல்லிவிடலாம். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும், அதற்குமுன் கால்களை மடக்கி வைக்க வேண்டும். மூத்திரம் கசியும், அடியில் பழைய துணி விரிக்க வேண்டும். வயிறுதான் முதலில் உப்பும், அங்கே கவரில் கட்டிய ஐஸ் வைக்க வேண்டும். வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் வெறுங்கையால் தொடக்கூடாது. கடிபட்டவர் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். பார்வோ என்ற வைரஸ் தொற்றில் இறந்த குட்டி என்றால் தரையை 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். வண்டி எதுவானாலும், குப்பை லாரி மட்டும் வேண்டாம்.

இதெல்லாம் நடந்தாலும் வேலை பாதிதான். மனிதர் போனால் பந்தல், பறை, பால், வந்துபோகும் சனம் என்று துக்கத்துக்கு ஒரு முறை இருக்கிறது. நாய் போனால் மறுநாள் ஆபீஸ். "நாய்தானே" என்ற சொல்லுக்குப் பயந்து அழுகையை விழுங்குகிறவர்கள்தான் அதிகம். வாய்விட்டுச் சொன்னவருக்கு ஆறுதல் பெரும்பாலும் முன்பின் தெரியாதவரிடமிருந்தே வருகிறது: மீட்டர் பேச்சை விட்டுவிட்டுப் பின்சீட்டில் துணி விரித்துத் தரும் ஆட்டோக்காரர், கேட்காமலே மண்வெட்டியைக் கையில் வாங்கிக்கொள்ளும் பக்கத்துத் தெருக்காரர். இந்தக் குணம் ஊரில் இருக்கிறது, துக்கம் வெளியே தெரிந்தால்தான் அது வேலை செய்யும்.

உங்கள் பணியாளரும் அந்த முன்பின் தெரியாதவர்தான். பிராணியின் பேர் என்ன என்று கேட்கட்டும். முதல் பிடி மண்ணை வளர்த்தவர் போடட்டும், அதுவரை வண்டி இன்ஜின் ஓட வேண்டாம். "ஏன் முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டல?" என்ற கேள்வி மட்டும் வாயில் வரக்கூடாது; கருணைக்கொலை ஊசி போடச் சம்மதித்தவர் அதைத்தான் ராத்திரி முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். "வேற வாங்கிக்கலாம்" என்பதும் அப்படித்தான். பிள்ளைகளிடம் ஓடிப்போச்சு என்று பொய் சொன்னால் அவர்கள் நாள்கணக்கில் தெருவில் தேடுவார்கள். தொற்று இல்லையென்றால், வீட்டிலிருக்கும் இன்னொரு நாயை உடலை மோந்து பார்க்க விடலாம்.

கடைசியாக ரசீது. தேதி, குழி எண்ணோடு பிராணியின் பேருக்கும் ஒரு கட்டம் விடுங்கள். குழி எண் இருந்தால், மூன்றாம் நாள் பால் ஊற்ற வருகிறவர் வேறு குழியில் ஊற்றிவிட்டுப் போகமாட்டார். புதுக் குழி வெட்டுபவருக்கும் எது பழசு, எது போன வாரத்தது என்று தெரியும்.

இப்படிக்கு,
வேலூர், காட்பாடி விலங்கு நலத் தன்னார்வலர்கள்