கழுவுநீர் தெளியும் வரை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தை மாதம் குடும்பத்தோடு வந்துவிடுகிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது; இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாள்.

இனி நீ கேட்ட விஷயம். கார்பன் மோனாக்சைடை எரிக்கும் வினையூக்கிக்காக டைட்டானியாவின்மேல் (டைட்டானியம் டை ஆக்சைடு தூளின்மேல்) 1 சதவீதம் தங்கம் ஏற்றியும் அந்த வாயு அசையவே இல்லை, மாணவி சோர்ந்துபோயிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். தங்கத்திலும் குறையில்லை, அதைத் தாங்கும் தூளான தாங்கியிலும் குறையில்லை என்று முதலில் அவளிடம் சொல். ஏற்றிய விதத்தில்தான் கோளாறு.

போன வருஷம் என் ஆய்வகத்திலும் இதேதான் நடந்தது. பிளாட்டினத்துக்குச் செய்து பழகிய கையோடு, தங்கக் குளோரைடு கரைசலைத் தூளில் ஊற்றி ஊறவைத்து, உலர்த்தி, 300 டிகிரியில் சுட்டோம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் துகள்கள் 20 நானோமீட்டருக்கும் மேலே. தங்கத்துக்குத் தாங்கியோடு பிடிப்பு குறைவு. கூடவே குளோரைடு தங்கிவிட்டால், சூட்டில் தங்க அணுக்கள் நகர்ந்து ஒன்றோடொன்று திரண்டுவிடுகின்றன. திரளத் திரள, வாயு தொடக்கூடிய பரப்பு சுருங்குகிறது; தங்கமும் டைட்டானியாவும் சந்திக்கும் ஓரமும் சுருங்குகிறது. வினை பெரும்பாலும் நடப்பது அந்த ஓரத்தில்தான். மிச்சமிருக்கும் ஓரத்தையும் குளோரைடு அடைத்துக்கொள்ளும்.

தங்கம் எதற்கும் அசையாத உலோகம் என்று நம் காலத்தில் படித்தோமே, அந்த நம்பிக்கை உடைந்ததும் தயாரிப்பு முறையால்தான். ஜப்பானில் ஹருதா மசதகே குழுவினர் இரும்பு, கோபால்ட் போன்றவற்றின் ஆக்சைடுகளோடு தங்கத்தைச் சேர்த்தே வீழ்படிவாக்கிச் சுட்டார்கள். சில நானோமீட்டர் அளவில் நின்ற அந்தத் தங்கம், சுழியத்துக்கும் வெகு கீழான குளிரிலேயே கார்பன் மோனாக்சைடை எரித்தது. 1987-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை இன்று எடுத்துப் படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

டைட்டானியாவுக்கு நாங்கள் பிறகு செய்ததை எழுதுகிறேன். தங்கக் கரைசலை 70 டிகிரிக்குச் சூடாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 8-க்குக் கொண்டுவா. மஞ்சள் மெல்ல வெளுத்து நிறமே இல்லாமல் போகும். குளோரின் விலகி அந்த இடத்தில் ஹைட்ராக்சில் வந்து உட்காருவதன் அடையாளம் அது. அதன்பிறகு டைட்டானியாவைப் போட்டு, பி.எச். இறங்காமல் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் கலக்கு. அடுத்தது கழுவல், எங்கள் ஆய்வகப் பையன் அவசரப்பட்ட இடம் இதுதான். இரண்டு தடவை வெந்நீரில் அலசிவிட்டுப் போதும் என்றான். வடிநீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன், பால் மாதிரி வெளுத்தது; குளோரைடு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். ஆறாவது கழுவலில்தான் தெளிந்தது. அன்றைக்குச் சுட்ட தூளில் துகள்கள் 3 நானோமீட்டரை ஒட்டி இருந்தன. அறை வெப்பத்திலேயே வேலை செய்தது.

ஒரு நஷ்டம் உண்டு. தங்கம் முழுவதும் படியாது, ஒரு பகுதி கழுவுநீரோடு போய்விடும். அது உறுத்தினால் சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் யூரியா போட்டு 80 டிகிரியில் வைக்கச் சொல். யூரியா மெதுவாகச் சிதைந்து பி.எச். தானே ஏறும், தங்கமும் ஏறக்குறைய முழுக்கப் படிந்துவிடும்.

அடுத்து சிலிக்காவில் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். இதே முறையை அங்கே கொண்டுபோகாதே. டைட்டானியாவின் பரப்பு மின்னூட்டம் இல்லாமல் இருப்பது பி.எச். 6 வாக்கில், சிலிக்காவுக்கு அது 2 வாக்கில். ஆகவே 8-இல் சிலிக்கா நன்றாக எதிர்மின் ஏறி நிற்கும், எதிர்மின் கொண்ட தங்க அயனியைத் தள்ளிவிடும். எத்திலீன் டைஅமீன் மூலக்கூறுகள் தங்கத்தைச் சூழ்ந்து பிணைந்த அணைவுச் சேர்மம் நேர்மின் கொண்டது, அது ஒட்டும்.

சுடாத தூளை வெளிச்சத்தில் வைக்க வேண்டாம். ஒளி பட்டாலே தங்கச் சேர்மம் உலோகமாக ஒடுங்கித் திரள ஆரம்பித்துவிடும். பாட்டிலில் கறுப்புத் தாள் சுற்றி வைத்தால் போதும்.

அவளுடைய அடுத்த தூள் எத்தனையாவது கழுவலில் தெளிந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜு