இருபது கெஜம் கூடுதலாகப் போய் என்ன செய்ய?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு யோசனை சொல்லி ஒரு கட்டுரை வந்திருந்தது. என் மகள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாள். எழுத்து பொடியாக இருந்ததால், மூஞ்சிக்கல் பக்கம் ஒரு டீக்கடையில் பழைய பேப்பரைக் கேட்டு வாங்கி முழுதாகப் படித்தேன். புது ட்ரைவர் (பந்தை வெகுதூரம் அடிக்கிற மட்டை) வாங்குங்கள், தோளை இன்னும் திருப்புங்கள், பந்து இருபது கெஜம் கூடுதலாகப் போகும் என்பதுதான் கட்டுரை. எழுதியவர் நன்றாகவே ஆடுகிறவராக இருக்கலாம். நான் பந்தை அடித்தது குறைவு. அடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் அவர்களுடைய மட்டைப் பையோடு நின்று பார்த்தது அதிகம். கொடைக்கானலில் முப்பத்திரண்டு வருடம் கேடியாக இருந்தேன்.

கேடி என்றதும் சிரிக்காதீர்கள். பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வத்தலக்குண்டுப் பெரியவர் ஒருவர் "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். என் சித்தப்பா பெருமையாக "கேடி" என்று சொல்லிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டி வைக்கிற கேடி வேறு, பை தூக்குகிற கேடி வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது.

விஷயத்துக்கு வருகிறேன். மதுரையிலிருந்து மாதம் இரண்டு முறை வக்கீல் ஒருவர் வருவார். எப்போதும் நூறுக்கு மேல்தான் ஸ்கோர். கோல்ஃபில் எத்தனை அடியில் முடித்தோம் என்பதுதான் ஸ்கோர், குறைந்தால்தான் நல்லது. நான்கு வருடத்தில் மூன்று ட்ரைவர் மாற்றினார். ஒருநாள் ஸ்கோர் கார்டின் பின்பக்கம், ஒவ்வொரு அடியையும் எங்கிருந்து அடித்தார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். மொத்தம் 104. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய க்ரீனில், பந்தை உருட்டுகிற பட்டர் மட்டையால் தட்டியது மட்டும் 41. க்ரீனுக்கு நூறு கெஜத்துக்குள் சிப், வெட்ஜ் என்கிற சின்ன அடிகள், பங்கர் என்கிற மணல் பள்ளத்திலிருந்து அடித்தது எல்லாம் சேர்த்து 23. அபராத அடி 5. மிச்சம் 35தான் நீள அடி, அதிலும் ட்ரைவரை எடுத்தது பன்னிரண்டு தடவை. கார்டைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா, எனக்கு எதிராகவே சாட்சி தயார் பண்ணிட்டியா?" என்றார்.

பார், அதாவது நன்றாக ஆடுகிறவருக்கு வைத்த அடிக்கணக்கு, 72 என்றால் பதினெட்டு குழிக்கும் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி க்ரீனுக்கே ஒதுக்கிப் போட்ட கணக்கு அது. ஆட்டத்தில் பாதி. வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்து பயிற்சி செய்கிறவர்களில் எத்தனை பேர் பாதி நேரத்தை அங்கே செலவிடுகிறார்கள்? கூடையில் ஐம்பது பந்து வாங்கினால் நாற்பத்தைந்தை ட்ரைவரால் அறைவார்கள். மீதி ஐந்து, நேரமாகிவிட்டது என்று கூடையிலேயே கிடக்கும்.

அந்த வக்கீலுக்கு நான் சொன்னது இதுதான்: முதல் தட்டிலேயே குழியில் போட நினைக்காதீர்கள். முப்பது அடி தூரத்திலிருந்து குழியைச் சுற்றி ஒரு அண்டா வாய் அளவுக்குள் பந்து நின்றால் போதும், அடுத்த தட்டில் முடிந்துவிடும். மூன்று தட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் திசையில் தவறுவதில்லை, தூரத்தில் தவறுகிறார்கள். ஒன்று ஆறு அடி முன்னால் நிற்கும், இல்லை எட்டு அடி தாண்டி ஓடும். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன் பயிற்சி க்ரீனில் குழியைப் பார்க்காமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பத்துப் பந்து தட்டிப் பாருங்கள். அன்றைக்கு க்ரீன் எவ்வளவு ஓடுகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மூன்று அடி தூரத்திலிருந்து ஒரு இருபது தடவை. குழியின் அகலம் நாலேகால் அங்குலம், பந்து ஒன்றே முக்கால் அங்குலம்கூட இல்லை. இரண்டு பந்து பக்கத்துப் பக்கத்தில் விழலாம். அதை நினைத்துக்கொண்டு தட்டினால் மூன்று அடிக்குக் கை நடுங்காது.

சரிவைப் பார்ப்பதற்கு நான் வைத்திருந்த வழி ஒன்றுதான். ஒரு வாளித் தண்ணீரை இங்கே கவிழ்த்தால் எந்தப் பக்கம் ஓடும்? மலையில் பிறந்தவனுக்கு அது பார்த்ததும் தெரியும். சமவெளிக்காரர்கள் க்ரீனுக்கு மேலே ஏறி நின்று பார்த்துவிட்டுத் தட்டிவிடுகிறார்கள். தாழ்ந்த பக்கம் போய் நின்று பார்த்தால்தான் சரிவு முகத்துக்கு நேரே தெரியும். க்ரீனை நோக்கி அடிக்கும்போதே குழியில் நட்ட கொடிக்குத் தாழ்ந்த பக்கம் பந்து நிற்கும்படி பார்த்துக்கொண்டால் மேலேறித் தட்டலாம், துணிந்து தட்டலாம். மேலே நின்றுவிட்டால், தொட்டாலே ஓடுகிற பந்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சென்னை, கோவைப் பக்கம் ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று. பெர்முடா புல் என்று பெரிய பெயராகச் சொல்கிறார்களே, அது நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல் இனம்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து புல் பளபளவென்று தெரிந்தால் அது குழியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கறுத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் குழியின் விளிம்பைப் பாருங்கள். எந்தப் பக்கம் பிய்ந்து காய்ந்த மாதிரி இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் புல் வளர்கிறது.

க்ரீனுக்கு ஓரத்தில் பந்து நின்றால் எல்லாரும் பந்தை உயரத் தூக்குகிற சாண்ட் வெட்ஜ் மட்டையைக் கேட்பார்கள். டிவியில் பார்த்த பழக்கம். பந்துக்கும் கொடிக்கும் நடுவில் பள்ளமோ மணலோ இல்லையென்றால் அதைவிடத் தாழ்வாக அடிக்கிற எய்ட் அயர்ன் போதும். கால்களைக் கிட்டக் கிட்ட வைத்து, எடையை இடது காலில் போட்டு, கை பந்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க, பட்டரால் தட்டுகிற மாதிரியே தட்டுங்கள். புல்லைத் தாண்டி க்ரீனில் இறங்கி மிச்ச தூரம் உருண்டு போகட்டும். தூக்கி அடித்தால் நூறில் பத்து அழகாக நிற்கும், மற்றதெல்லாம் ஒன்று மண்ணைக் கிளப்பும் அல்லது எதிர்ப் பக்கம் பறக்கும். (கணக்கு என்னுடையது, சண்டைக்கு வர வேண்டாம்.)

பங்கரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பந்தை அடிக்காதீர்கள், அதற்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடியுங்கள், நடுவில் கையை நிறுத்திவிடாதீர்கள். மணல் வாரி வெளியே போகும்போது பந்தும் கூடவே போகும். மழை பெய்து மணல் இறுகியிருந்தால் கிளப்பின், அதாவது மட்டையின், முகத்தை வானம் பார்க்க ரொம்பத் திறக்க வேண்டாம், அது எகிறும்.

இப்போது மரத்தடி. இங்கேதான் ஐயாமார் பணத்தையும் மானத்தையும் விடுவார்கள். ஒருமுறை அதே வக்கீல் பந்தை வலது பக்கம் மரங்களுக்குள் அனுப்பிவிட்டார். இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு ஜன்னல் அளவு இடைவெளி, அதற்கு அப்பால் க்ரீன். "சார், செவன் அயர்ன் எடுத்துக் குறுக்கே ஃபேர்வேக்குத் தட்டிவிட்டுடுங்க," என்றேன். ஃபேர்வே என்பது நடுவிலுள்ள வெட்டிய புல்வெளி. "போயிடும்பா, விடு," என்றார். பந்து மரத்தில் பட்டு எங்களுக்குப் பின்னால் பள்ளத்தில் விழுந்தது. அங்கே இறங்கினால் காட்டுமாடு ஒன்று அசையாமல் நிற்கிறது. கொடைக்கானலில் அதற்குத்தான் முதல் உரிமை, நாம் காத்திருக்க வேண்டும். மாடு போய், மறுபடி இடைவெளியைக் குறிவைத்து, மறுபடி மரத்தில் பட்டு, அந்தக் குழியை ஒன்பது அடியில் முடித்தார். முதலிலேயே குறுக்கே தட்டியிருந்தால் ஐந்து, மிஞ்சினால் ஆறு. அந்த மூன்று நாலு அடியை எந்தப் புது ட்ரைவரும் திருப்பித் தராது. பந்து ஆட முடியாத இடத்தில் கிடந்தால், ஒரு அடி அபராதத்தோடு, குழிக்கு நெருங்காமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் எடுத்துப் போட்டுக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. அதைக் கேவலம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

திசை விஷயத்தில் ஒன்று. வலது கைக்காரர்களில் பாதிப் பேர் நேராக நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கொடிக்கு வலது பக்கம் பார்த்து நிற்பார்கள். முன்பெல்லாம் நாங்கள் பின்னால் நின்று "சார், கொஞ்சம் இடது பக்கம்" என்போம். 2019-இல் விதி மாறிவிட்டது. ஆடுகிறவர் நிலை எடுக்கத் தொடங்கிய பிறகு கேடி பந்துக்குப் பின்னால் அந்தக் கோட்டில் நிற்கக் கூடாது. இனி நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்துக்குப் பின்னால் போய் நின்று, கொடிக்கு நேர்க்கோட்டில் பந்துக்கு இரண்டு அடி முன்னால் ஒரு சருகோ புல்லில் பழைய வெட்டோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிளப்பின் முகத்தை அதற்கு நேராக வைத்துவிட்டு, அப்புறம் காலை வையுங்கள். முதலில் காலை வைத்துவிட்டுக் கொடியைத் தேடுவதுதான் கோணலுக்குக் காரணம்.

பந்து வலது பக்கமே வளைந்து போகிறது என்கிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன் இடது கையைக் குனிந்து பாருங்கள். விரல் முட்டி ஒன்று மட்டும் தெரிந்தால் கையைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி, இரண்டு மூன்று தெரியும்படி பிடியுங்கள். பிடி இறுக வேண்டாம். கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள். இறுக்கி இழுத்தால் அது நம்மை இழுத்துக்கொண்டு ஓடும்.

எந்த கிளப் என்பதிலும் வீண் கௌரவம் உண்டு. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். காற்று லேசானதால் கீழே 150 கெஜம் போகிற பந்து இங்கே பத்துப் பன்னிரண்டு கெஜம் கூடுதலாகப் போகும், ஒரு படி குறைவாகப் போகிற கிளப்பை எடுக்கலாம். இங்கே நாலு நாள் ஆடிவிட்டு அதே நினைப்பில் கீழே இறங்குகிறவர்கள் க்ரீனுக்கு முன்னாலுள்ள மணலில்தான் விழுவார்கள். வாழ்நாளில் ஒருமுறை நன்றாகப் பட்ட அடியை நம்பாமல், பத்தில் ஏழு முறை எவ்வளவு போகிறதோ அதைக் கணக்கில் வைத்து எடுங்கள்.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃபின் கடைசி நாள் ஆட்டத்தை, சனிக்கிழமை காலையில் நாயுடுபுரத்தில் என் வீட்டில் அக்கம்பக்கத்தார் எட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். கோல்ஃப் என்றால் என்னவென்று அதில் ஆறு பேருக்குத் தெரியாது. பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், பை தூக்க அவருடைய அம்மா. அங்கே ஆடியவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர் அவர். தங்கம் வாங்கிய நெல்லி கோர்டாவின் பந்து அவருடையதைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. ஆனால் க்ரீனுக்குப் போனதும் அதிதி விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரே ஒரு அடியில் பதக்கம் தவறி நான்காவது. ட்ரைவர் பற்றிக் கட்டுரை எழுதியவர் அந்த நாலு நாள் ஆட்டத்தை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். காணாமல் போன பந்தைத் தேட ஐந்து நிமிடம் உண்டு என்று கட்டுரையில் இருக்கிறது. அது பழைய விதி. 2019 முதல் மூன்று நிமிடம்தான். க்ரீனில் தட்டும்போது கொடியைக் குழியிலேயே விட்டுவிடவும் அப்போதிருந்து அனுமதி உண்டு, அதையும் அவர் குறிப்பிடவில்லை. கிளப் போட்டிகளில் இதனால் தகராறு வரும், அடுத்த இணைப்பில் இரண்டு வரியில் போட்டுவிட்டால் நல்லது.

கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் சொல்லியனுப்புங்கள். இப்போது பை தூக்குவதில்லை, முட்டி ஒத்துக்கொள்வதில்லை. ஒன்பது குழி வரை கூட நடப்பேன். ட்ரைவரை அவர் காரிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கேடி,
நாயுடுபுரம், கொடைக்கானல்