பட்டை மட்டும் வரைந்த பிள்ளைக்காக

நெல்லைச் சீமையில் பள்ளி ஓவியப் போட்டிகளுக்கு நடுவர்களாக வரும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் ஒரு போட்டியில் ‘எங்கள் ஊர்’ என்று தலைப்பு கொடுத்தார்கள். அவள் தாள் முழுக்கக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை இழுத்து, ஒரு மூலையிலிருந்து சாய்வாகக் கறுப்பை இறக்கி, அதோடு நிறுத்திவிட்டாள். நடுவர் எடுத்துப் பார்த்து, “கோயிலக் காணோம், வெறும் பட்டைய அடிச்சு வச்சிருக்கியே” என்று ஓரமாக வைத்துவிட்டார். அப்புறம் ரெண்டு மாசம் பிள்ளை பிரஷ்ஷைத் தொடவில்லை.

அது நெல்லையப்பர் கோயில் மதில். சாயங்காலம் பைக்கில் அதை ஒட்டிப் போகும்போதெல்லாம் “மாமா, சுவரு ஓடுது பாருங்க” என்பாள். வண்டி நின்றால் அது சுவர், நகர்ந்தால் காவியும் வெள்ளையும் மாறி மாறி ஒரு தாளம், வெயில் சாயச் சாய எதிர் மாடியின் நிழல் பட்டைகளைக் குறுக்கே வெட்டும், வெட்டிய இடத்தில் காவி கறுத்து வெள்ளையில் லேசாக நீலம் பாரிக்கும். அந்தப் பிள்ளை பார்த்தது இதைத்தான். கோபுரத்தை அவள் மறக்கவில்லை, வேண்டாம் என்று விட்டாள்.

பொருளின் உருவத்தை விட்டுக் கோட்டையும் நிறத்தையும் மட்டும் வரைவதை அரூப ஓவியம் என்கிறார்கள். அது பெரும்பாலும் இப்படித்தான் பிறந்திருக்கிறது. நெதர்லாந்தில் மாண்ட்ரியன் என்ற ஓவியர், டோம்பர்க் என்ற சின்ன ஊரின் தேவாலய முகப்பைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1914, 1915 வாக்கில் ஜன்னலும் வளைவும் கரைந்து நெட்டுக்கோடும் கிடைக்கோடுமே மிஞ்சின. அதே 1914-இல் வட ஆப்பிரிக்காவில் இருக்கும் துனீசியாவுக்குப் போன ஓவியர் பால் க்ளே அந்த ஊர்ச் சுவர்களையும் குவிமாடங்களையும் நிறக் கட்டங்களாக்கினார். அவ்வளவு தூரம் போவானேன், சென்னைப் பக்கம் சோழமண்டலம் கலைக் கிராமத்தை 1966-இல் உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், நம் வீட்டு ஜாதகக் கட்டத்தையே ஓவியமாக்கினார்.

நம் பக்கம் இதற்கா பஞ்சம்? பத்தமடைப் பாயை விரித்து ஓரத்தை மட்டும் பாருங்கள், சாயக் கோரையின் கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று. குற்றாலம் சித்திர சபையில் நடராசரே சிலையாக இல்லை, சுவரோவியமாக இருக்கிறார். நிறத்தையே கும்பிட்ட ஊர் இது.

இரண்டு மலை, நடுவில் சூரியன் வரைகிற பிள்ளைக்கும் பரிசு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புரியாத படம் கைக்கு வந்தால், தள்ளி வைக்கும் முன் “இத எங்க பாத்த?” என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘அரூபமாகவும் வரையலாம்’ என்று போட்டி அறிவிப்பிலேயே ஒரு வரி போட்டாலும் போதும்.

அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பார்க்க விரும்பினால் எந்த சாயங்காலம் வேண்டுமானாலும் அதோடு வருகிறேன், அந்த மதிலுக்குப் பக்கத்தில் வைத்தே பார்ப்போம்.

அன்புடன்,
ஒரு தாய்மாமன்