எடுத்ததற்கும், விட்டுவைத்ததற்கும்

அன்புடையீர்,

கோத்தகிரியிலிருந்து அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் என்னிடம் டிக்கெட் வாங்கிய அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக என்னைக் காணவில்லை என்று பலர் விசாரித்திருக்கிறீர்கள். வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், வேலையை விட்டுவிட்டேன் என்றும், இன்னும் ஒரு படி மேலே போயும் பேச்சுக் கிளம்பியதாகக் கேள்விப்பட்டேன். எனக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. கோவையில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். செய்தி இவ்வளவுதான், நன்றிதான் நீளமானது.

முதல் நன்றி, காலை வண்டியில் முன் இருக்கையில் உட்காரும் செவிலியர் சகோதரிக்கு. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். அரவேணு நிறுத்தத்தில் நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தபோது, "அண்ணா, இன்னொரு வாய் குடியுங்கள்" என்றார். குடித்தேன். "இன்னொரு வாய்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் விழுங்கும்போதெல்லாம் கழுத்தின் இடப்பக்கம் ஒரு வீக்கம் மேலே ஏறி இறங்குவதை அவர் கவனித்திருக்கிறார். விழுங்கும்போது கூடவே ஏறும் கட்டி பெரும்பாலும் தைராய்டைச் சேர்ந்தது, அலட்சியமாக விடாதீர்கள் என்று சொன்னதோடு, மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் என்ன ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கையில் திணித்துவிட்டார். அதற்கு முன்பு நான் காட்டிய ஓர் இடத்தில் தொண்டைச் சளி என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். யாரையும் குறை சொல்ல அல்ல. அந்தச் சகோதரியின் கண்ணுக்கு என்ன மதிப்பு என்பது தெரிய வேண்டும், அதற்காக.

ஊசி குத்தி எடுத்துச் சோதித்ததில் பாப்பிலரி வகை என்று முடிவு வந்தது. தைராய்டில் வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான், பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். சொன்னாராம் என்று எழுதக் காரணம், புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. என் மனைவிதான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அவளுக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள். பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

ஆனால் சம்மதப் படிவத்தில் இருந்த ஒரு வரி மட்டும் தெளிவாகக் கண்ணில் பட்டது: குரல் மாற்றம் ஏற்படலாம்.

விசில் இருந்தால் பஸ்ஸை நிறுத்திவிடலாம், கிளப்பிவிடலாம். தூங்கிப்போன பாட்டியைக் குஞ்சப்பனையில் எழுப்பி இறக்குவதற்குக் குரல் வேண்டும். இரண்டாவது கியரில் வண்டி முக்கிக்கொண்டு ஏறும்போது கடைசி இருக்கை வரை கேட்க வேண்டும். பலாப்பழக் காலத்தில் சாலையோரம் யானை நின்றால், அதே குரலைத் தணித்து, யாரும் இறங்காதீர்கள், செல்போனை வெளியே நீட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டும். படிவத்தை மடித்து வைத்துவிட்டு டாக்டரிடமே கேட்டேன்: "கட்டி கழுத்தில் இருக்கிறது. குரலை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?"

அவர் ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டார். குரல் நாண்களை இயக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. இடப்பக்கத்து நரம்பு கழுத்தைக் கடந்து நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, தைராய்டுக்குப் பின்பக்கமாக மறுபடியும் மேலே ஏறி வருகிறது. தினமும் கொண்டை ஊசி வளைவில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை. அதன் தடிமன் சுமார் இரண்டு மில்லிமீட்டர். கட்டியை எடுக்கும்போது அது அறுபடலாம், இழுபடலாம், சூடு படலாம். எதுவானாலும் குரல் கம்மிவிடும். இது புதிய செய்தியும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் கேலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றிக்கு இந்த நரம்பைத் துண்டித்துக் காட்டினாராம். பன்றி துடித்தது, சத்தம் மட்டும் நின்றுபோனது.

"நரம்பு வெள்ளையாக இருக்கும். ஆனால் கழுத்துக்குள் வெள்ளையாக இருப்பதெல்லாம் நரம்பு இல்லை" என்றார் டாக்டர். இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்த வார்த்தைதான் காரணம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்களா என்றுதான் கேட்டார்கள். எடுத்துவிட்டார்கள், அதற்கு நன்றி. எதைத் தொடாமல் விட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கான நன்றியை நானேதான் சொல்லியாக வேண்டும்.

என் நரம்பைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருந்தவை மூன்று: உருப்பெருக்கிக் கண்ணாடி, பழகிய கை, நரம்பு மானிட்டர். மயக்க மருந்து டாக்டர் மூச்சுக்குழாயில் இறக்கும் குழாயிலேயே மின்முனைகள் இருக்கும். அவை குரல் நாண்களை ஒட்டி நிற்கும். சந்தேகப்படும் இழையைச் சிறிய மின்னோட்டத்தால் தொட்டால், அது நரம்பாக இருந்தால் தசை துடிக்கும், கருவி ஒலி எழுப்பும். குழாயைச் சரியான இடத்தில் நிறுத்தி, கடைசி வரை அது நகராமல் பார்த்துக்கொண்ட மயக்க மருந்து டாக்டருக்கு என் வணக்கம். நான் அவர் முகத்தை முகமூடியோடுதான் பார்த்தேன். வெளியில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் டிக்கெட் கேட்பேன்.

ஒளியும் என் கழுத்துக்குள் வேலை செய்தது. தைராய்டை ஒட்டிப் பாராதைராய்டு என்று வழக்கமாக நான்கு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பின் கால்சியம் அவற்றின் பொறுப்பு. கொழுப்போடு கொழுப்பாகக் கிடப்பதால் தவறிப்போய் எடுபட்டுவிடுவதுண்டு. அப்படி ஆனால் விரல் மரத்துப்போகும், கை கால் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அவற்றின்மேல் பாய்ச்சினால், எந்தச் சாயமும் ஏற்றாமல் தாமாகவே ஒளிர்கின்றன. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அனிதா மகாதேவன்-ஜான்சன் என்பவரின் குழு 2011இல் இதை வெளியிட்டது. 2018இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கான கருவிகளுக்கு அனுமதி அளித்தது. என் சிகிச்சையின்போது தியேட்டர் விளக்குகளைச் சற்று அணைத்துவிட்டுக் கேமராவைப் பிடித்தார்களாம். பிறகு டாக்டர் அந்தப் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு குழப்பம், அதுதான் என் கழுத்து. ஓரத்தில் ஒரு வெண்புள்ளி, விட்டுவைத்த சுரப்பி.

நரம்பையும் இப்படி ஒளிர வைத்தால் என்ன என்று கேட்டேன். அதற்குத்தான் ஆட்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். ஒளிரும் புரதத்துக்காக 2008இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ரோஜர் சியென், குயென் நுயென் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, நரம்பில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு புரதத் துண்டை உருவாக்கினார். நாளத்தில் ஏற்றினால் சுண்டெலிகளின் நரம்புகள் ஒளிர்ந்தன. 2011இல் அந்த ஆய்வு வெளியானது. சியென் 2016இல் காலமானார். அந்த வழியில் வந்த மருந்து, கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஃப்ளோரசீன் சாயத்தோடு இணைக்கப்பட்டு, அமெரிக்காவில் தலை, கழுத்து அறுவை சிகிச்சைகளில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. மானிட்டர், தொட்ட பிறகுதான் சொல்லும். நரம்பு உயிரோடு வேலை செய்தால்தான் சொல்லும். ஒளி, கத்தி பக்கத்தில் போவதற்கு முன்பே காட்டும். அதற்காக ஒளி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. தசைக்கு அடியில் ஆழமாகப் புதைந்த நரம்பு வரை அது போய்த் திரும்புவது கடினம். அங்கே பழகிய கைதான் துணை.

சாயமே இல்லாத வழிகளும் ஆராயப்படுகின்றன. நரம்பைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அதில் பட்டுச் சிதறும் ஒளியைப் பிரித்துப் பார்த்து, இது நரம்பு என்று சொல்ல முயல்கிறார்கள். அந்தச் சிதறல் நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று அறிவித்தது. பள்ளியில் அறிவியல் தினத்தன்று அவர் படத்துக்கு மாலை போட்டுச் சுண்டல் தின்றதோடு சரி, எங்களுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித் தரவில்லை.

இவர்களில் யாரும் என் பஸ்ஸில் ஏறப்போவதில்லை. ஆனாலும் நன்றி. அவர்களைவிட ஒரு படி கூடுதலாக, அந்தச் சோதனைகளுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்த நோயாளிகளுக்கு நன்றி. கட்டியோடு படுத்திருக்கும்போது, எனக்கு உதவுமோ உதவாதோ, ஏற்றிப் பாருங்கள் என்று சொல்ல ஒரு மனம் வேண்டும். குரல் மாற்றம் என்ற ஒரே வரிக்கு நான் ஆடிய ஆட்டம் எனக்குத்தானே தெரியும்.

மயக்கம் தெளிந்ததும் "ஈ என்று இழுங்கள்" என்றார் டாக்டர். ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது, எனக்கு இல்லை. குழாய் போட்டதால் சில நாள் கரகரப்பு இருக்கும் என்று சொல்லி, பிறகு மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கித் திரையில் காட்டினார்கள். வெளிறிய இரண்டு பட்டைகள். மூச்சு விட்டால் விலகின, "ஈ" என்றால் நடுவில் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே மாதிரி அசைந்தன. இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டுதான் சில்லறைக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

எனக்காகப் பணி நேரத்தை மாற்றிக்கொண்ட நடத்துநர்களுக்கும், கழுத்துத் தையல் குலுங்காமல் மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு வந்த ஓட்டுநர் நண்பருக்கும், இரவு இரண்டு மணிக்கு விரல் மரத்திருக்கிறதா என்று சலிக்காமல் கேட்ட வார்டு செவிலியர்களுக்கும் நன்றி. பத்தியச் சாப்பாடு என்று எதுவும் இல்லை என டாக்டரே சொன்ன பிறகும் ரசம் சாதமாகவே அனுப்பிய உறவினர்களுக்கு நன்றி; அதற்கு நடுவே அவரைக் குழம்பு கொண்டுவந்து என் நாக்கைக் காப்பாற்றிய பக்கத்து வீட்டுப் படுகர் அம்மாவுக்கு இரட்டை நன்றி. கண்டக்டர் வாய் மூடியதால் பஸ் நிம்மதியாக ஓடுகிறது என்று கேலி செய்த மாணவர்களே, உங்களுக்கும் நன்றி. திங்கட்கிழமை முதல் பாஸ் காட்டிவிட்டு ஏறுங்கள்.

அவசரத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. சம்பளம் வந்ததும் ஒவ்வொருவராகத் தந்துவிடுகிறேன். நன்றி மடல் எழுதிச் சமாளித்துவிடப் பார்க்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கோத்தகிரி – மேட்டுப்பாளையம் தடத்தின் நடத்துநர்