தொட்டி வந்த அன்றே மீனை விற்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டுக் கூடத்தில் நீர்ச்செடிகளோடு வைக்கப்படும் பெரிய மீன்தொட்டிகளைப் பற்றி வந்த குறிப்பையும் படங்களையும் ஆர்வத்தோடு பார்த்தேன். பிளாஸ்டிக் செடியும் சாயம் பூசிய கற்களும் போட்ட தொட்டிகளே எங்கும் கண்ணில் படும் காலத்தில், உயிருள்ள செடிக்கு இத்தனை இடம் ஒதுக்கியது உண்மையிலேயே மகிழ்ச்சி அளித்தது. ஆனால், கடையிலிருந்து ஆட்கள் வந்து ஒரே பிற்பகலில் தொட்டியை நிறுத்தி, செடி நட்டு, மீனும் விட்டுச் சென்றுவிடுவார்கள் என்று அதில் இருந்த ஒரு வரி என்னை உறுத்தியது. இதே பேச்சை நம்பித்தான் நான் ஆறு ஆண்டுகளுக்கு முன் 24 மீன்களைச் சாகக் கொடுத்தேன்.

திருச்சியில் வசிக்கும் நான், பணி ஓய்வு பெற்ற கையோடு நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் காலையில் தொட்டியை இறக்கினார், மாலைக்குள் கூழாங்கல் பரப்பிச் செடி நட்டார், இரவு விளக்கு போடும் வேளையில் இரண்டு நெகிழிப் பைகளில் கொண்டுவந்த நியான் டெட்ரா மீன்களையும் விட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். முதல் இரண்டு நாள் வீடே அந்தத் தொட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் விடியலில் பார்த்தபோது மீன்கள் அனைத்தும் நீரின் மேற்பரப்பில் வரிசையாகத் தொங்கியவாறு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் ஓரம் சிவந்து கன்றியிருந்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது, ஒரு நீல மருந்தை வாங்கி ஊற்றச் சொன்னார். அதையும் ஊற்றினேன். பத்து நாளில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. மீன்களுக்கு நோய் எதுவும் இருக்கவில்லை என்பதையும், அவை தம் கழிவின் நஞ்சிலேயே மூச்சுத் திணறின என்பதையும் பிறகு படித்துத்தான் அறிந்தேன்.

இந்த வேதியியல் பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான். மீனின் செவுளிலிருந்தும் எச்சத்திலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. அந்த நைட்ரைட்டை வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. மூன்றாவதைக் குறைந்த அளவில் மீன் தாங்கும், செடியோ அதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் குளத்து மண்ணிலும் கல்லிலும் இயல்பாகவே ஒட்டி வாழ்கின்றன. கடையிலிருந்து வந்த புதுக் கண்ணாடியிலும் கழுவிய கூழாங்கல்லிலும் அவை பெயரளவுக்குக்கூட இருப்பதில்லை. அவை பில்டரின் பஞ்சிலும் தொட்டியின் அடிமண்ணிலும் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய மீன் வளர்ப்பாளர்கள் இதைத் ‘தண்ணீர் பழகுதல்’ என்று அழகாகச் சொல்வார்கள். பழகாத தண்ணீரில் மீனை விடுவது, கழிவுக்கு வழியில்லாத அறையில் உயிர்களை அடைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

நம் பக்கத்து நீரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்பதைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. அம்மோனியாவின் நச்சுத்தன்மை நீரின் காரத்தன்மையையும் வெப்பத்தையும் பொறுத்து ஏறும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். அளவு (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 உள்ள நீரில் இருக்கும் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் நிற்கிறது; அதே நீர் பி.எச். 8 ஆனால் அந்தப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடுகிறது. எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீர் அந்த எட்டைத் தாண்டியது. சித்திரை, வைகாசியில் தொட்டி நீரின் வெப்பம் 32 டிகிரி வரை ஏறும். நியான் டெட்ராவோ அமேசான் படுகையின் மென்மையான, அமிலத்தன்மை கொண்ட, சற்றுக் குளிர்ந்த நீருக்குரிய மீன். அதைத் தேர்ந்தெடுத்ததிலேயே தவறு தொடங்கிவிட்டது. மாநகராட்சி நீரைப் பிடித்து ஊற்றலாம் என்றால், அதில் கலந்த குளோரின் மீனின் செவுளை அரிப்பதோடு, நாம் வளர்க்க விரும்பும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். திறந்த தொட்டியில் ஒரு நாள் பிடித்து வைத்தோ, கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சேர்த்தோதான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாம் முறை தொடங்கியபோது மீனைப் பற்றி நினைப்பதையே நிறுத்திவிட்டு, செடிக்காக மட்டும் தொட்டியை அமைத்தேன். எரு கலக்காத தோட்டத்து மண்ணைச் சலித்து, இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்து இறுத்து, ஓர் அங்குலம் பரப்பினேன். அதன்மேல் மிளகளவு உள்ள சரளையை இரண்டு அங்குலம் மூடினேன். அந்தச் சரளையைப் போடும் முன் ஒரு பிடி எடுத்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பார்த்தேன்; நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, நீரை இன்னும் கடினமாக்கும் என்று பொருள். முன்பு கடைக்காரர் போட்ட வெள்ளைக் கற்கள் சோடா உடைத்ததுபோல் நுரைத்தன. செடிகளில் வேகமாக வளரும் வாலிஸ்நேரியா, ஹைக்ரோபிலா, வேலம்பாசி ஆகியவற்றை முதல் நாளிலேயே நெருக்கமாக நட்டேன். வேகமாக வளரும் செடி அம்மோனியாவையே நேரடியாக உண்ணும் என்பதால், தொடக்கத்தில் செடியில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. மெதுவாக வளரும் கிரிப்டோகோரைனையும் மரக்கட்டையில் கட்டும் ஜாவா பெரணியையும் பிறகு சேர்த்தேன். கிரிப்டோகோரைன் இலைகள் முதல் இரு வாரத்தில் கூழாகக் கரைந்து விழுந்தன. செடி செத்துவிட்டது என்று பிடுங்காமல் விட்டதால், வேரிலிருந்து புதுக் குருத்து வந்தது.

மீன் இல்லாத அந்தத் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டேன். பாக்டீரியாவுக்கு அதுதான் உணவு. நீரில் உள்ள அம்மோனியாவை நிறத்தால் காட்டும் சோதனைத் திரவம், குப்பியில் முதல் வாரம் வெளிர்பச்சையாகவும் இரண்டாம் வாரம் அடர்பச்சையாகவும் மாறியது. மூன்றாம் வாரத்தில் பச்சை குறையத் தொடங்கி, நைட்ரைட் குப்பி ஊதா நிறம் காட்டியது. இரண்டு நஞ்சும் இல்லை என்று சோதனை காட்டி, தொடர்ந்து மூன்று நாள் அப்படியே நின்றது 38ஆம் நாளில்தான். அந்த இடைவெளியில் கண்ணாடியில் பழுப்புநிறப் பாசி படிந்தது, நீர் ஒரு வாரம் பால் கலந்ததுபோல் கலங்கியது, வீட்டுக்கு வந்தவர்கள் ‘வெறுந்தொட்டியை எதற்கு வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். அது வெறுந்தொட்டி இல்லை. அதன்பின் ஆறு மீன் மட்டும் விட்டேன். இரு வாரம் கழித்து மேலும் ஆறு. ஐந்தாண்டுகள் ஆகின்றன, முதலில் விட்ட செர்ரி பார்ப் மீன்களின் வழிவந்த குஞ்சுகள் இன்றும் வாலிஸ்நேரியாவின் அடியில் நீந்துகின்றன. இலங்கையின் மழைக்காட்டு ஓடைகளுக்கே உரிய அந்தச் சிறு மீனுக்கு, வளர்ப்பில் பல தலைமுறை கண்டதாலோ என்னவோ, எங்கள் ஊர் வெப்பம் பழகிவிட்டது.

செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் என்று கண்ணாடித் தொட்டியில் முறையாகச் சோதித்து 1850இல் இலண்டன் வேதியியல் கழகத்தில் அறிவித்தவர் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார். இரண்டு தங்கமீனும் ஒரு வாலிஸ்நேரியாவும் கொண்டு அவர் தொடங்கினார். அழுகிய இலையால் நீர் கெடுவதைக் கண்டு, அதைத் தின்ன நத்தைகளைச் சேர்த்தார். கெடுவதைப் பார்த்து, காரணம் தேடி, காத்திருந்து திருத்திய அந்தப் பொறுமையில்தான் இந்தக் கலையே பிறந்தது. நம் காலத்தில் இதனை உலகப் புகழுக்குக் கொண்டுசென்ற ஜப்பானியர் தகாஷி அமானோ, 2015இல் லிஸ்பன் நகரின் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் நீரும் கொண்ட செடித்தொட்டியை அமைத்தார். அவருடைய தொட்டிகளின் படங்களைக் காட்டித்தான் நம் ஊர்க் கடைகளிலும் வாடிக்கையாளரின் ஆசையைத் தூண்டுகிறார்கள். அப்படங்கள் பல மாத வளர்ப்புக்குப் பிறகு எடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பெரிய தொட்டி வைக்க விரும்புவோர் எடையையும் கணக்கிட வேண்டும். ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 கிலோ. என் தொட்டியின் கொள்ளளவு 12 கன அடி, அதாவது 340 லிட்டர். மண், கல், கண்ணாடி, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னை நெருங்கும். வீட்டு அறைகளின் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்ற கணக்கில்தான் இந்தியத் தரநிர்ணயம் பயன்பாட்டுச் சுமையை வைக்கிறது. என் தொட்டி நிற்கும் இடமோ முக்கால் சதுர மீட்டர். தரைத்தளத்தில் கவலையில்லை. மாடி வீட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்போர், உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பதோடு, கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தொட்டியை ஏற்ற விடாதீர்கள்; ஒரு மூலை தாழ்ந்தாலும் பசை இணைப்பில் இழுவை விழும். உயரத்தைவிட அகலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒன்றரை அடி ஆழத்தில் என் கை அடிமண்ணைத் தொடுகிறது, விளக்கொளியும் தொடுகிறது.

கரியமில வாயு சிலிண்டர் இல்லாமல் செடி வளராது என்று சொல்லி விற்பதையும் நான் ஏற்கவில்லை. சிவப்பு இலைச் செடிகளுக்கும் தரைவிரிப்புபோல் படரும் செடிகளுக்கும் அது தேவைப்படலாம். நான் மேலே சொன்ன செடிகளுக்குத் தேவையில்லை. விளக்கை ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல் டைமர் வைத்தாலே பாதிப் பாசி குறையும். செடி இரவில் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் என்பதால், தொட்டியின் நலத்தை விடியற்காலையில் பார்த்தே அறிய வேண்டும். மின்தடை வந்தால் பில்டரில் உள்ள பாக்டீரியாவும் பிராணவாயு இன்றி மடியும். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருப்பது அவசியம். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் ‘பளிச்’சென்று கழுவி, ஆறு வாரமாக வளர்த்ததை ஆறு நிமிடத்தில் கொன்றுவிட்டு மீன் சாகிறதே என்று கேட்பவர்கள் என் நண்பர்களிலேயே மூவர் உண்டு. தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரில் அலசிப் பிழிந்தால் போதும்.

இன்னொன்றையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். செடித்தொட்டியில் மாதந்தோறும் வெட்டிக் கழிக்கும் செடி நிறையச் சேரும். அதை ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டுவது பலருக்குப் புண்ணியமாகவே படுகிறது. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் 2020இல் நீர்ப்பரப்பு முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கச் சென்றார்களே, அது மீன்தொட்டிகளில் வளர்க்கும் கபோம்பா என்ற தென்னமெரிக்கச் செடி. நம் ஆறு, ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். கண்ணாடிப் பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ பெயரில் விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்தபின், வைக்க இடமில்லாமல் ஏரியில் விடப்படுகிறது. அங்கே அது பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. நான் வெட்டும் செடிகளை மொட்டைமாடியில் ஒரு வாரம் மொறுமொறுவென்று காயவிட்டு, மல்லிகைத் தொட்டிகளுக்கு உரமாகப் போடுகிறேன்.

சென்னையின் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ண மீன் வளர்ப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை. அவர்களில் அனுபவம் மிக்கவர்கள், தங்கள் பழைய தொட்டியின் பில்டர் பஞ்சிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதிய வாடிக்கையாளருக்குக் கொடுத்தனுப்புவதை நானே கண்டிருக்கிறேன். அந்தப் பஞ்சோடு வரும் பாக்டீரியாவால் ஆறு வாரக் காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையும். மற்றக் கடைக்காரர்களும் தொட்டியையும் செடியையும் இன்று விற்று, மீனை அடுத்த மாதம் விற்கட்டும். அவர்களுக்கு வர வேண்டிய பணம் குறையாது. மீன் பிழைத்த வீட்டிலிருந்து வாடிக்கையாளர் மீண்டும் வருவார். தாங்களும் இத்தகைய குறிப்புகளை அடுத்த முறை வெளியிடும்போது, செடி நட்ட நாளையும் மீன் விட்ட நாளையும் தனித்தனியாக அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.