"உங்க பிள்ளைங்க" என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

என்னைப் பார்த்திருப்பீர்கள். வாரம் ஒருமுறை, சில பள்ளிகளுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, தோளில் பெரிய பையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறவள். பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்; குறைபாடோ கற்றலில் சிரமமோ உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள். "சிறப்பாசிரியர்" என்று சொன்னால் "ஓவியமா, தையலா?" என்று கேட்கிறார்கள். அதனால் இந்தப் பெயரையே சொல்லிப் பழகிவிட்டேன்.

பள்ளிக்குள் நுழைந்ததும் அநேகமாக என் காதில் விழும் முதல் பேச்சு இதுதான்: "வந்துட்டீங்களா மிஸ், உங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க." அன்பாகத்தான் சொல்கிறீர்கள். நாற்காலி போட்டு, டீயும் வாங்கித் தருகிறீர்கள். ஆனால் அந்த "உங்க" என்ற சொல்லைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். படிக்கப் பிடிக்கவில்லை, அதனால் தவிர்க்கிறான் என்று நான் என் பதிவேட்டில் எழுதியும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவன் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் போட்டு உடைத்தாள். நான் வரும் புதன்கிழமை அந்த நேரத்தில் அவர்களுக்கு விளையாட்டுப் பாடவேளை. வாரம் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு, அவன் ஜெயிக்கிற ஒரே மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு, சத்துணவுக் கூடத்து வராந்தாவில் உட்கார வைத்து மறுபடியும் எழுத்தையே காட்டியிருக்கிறேன். ஒளியாமல் என்ன செய்வான்? நான் கேட்கவில்லை, அந்த வகுப்பாசிரியரும் சொல்லவில்லை. இருவருக்குமே அவன் அடுத்தவருடைய பிள்ளை.

ஒரு கணக்குப் போடுவோம். தொடக்க வகுப்புகளுக்குக் குறைந்தது 200 வேலை நாள் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். வாரம் ஒரு நாள் வந்தால் நான் 40 நாள். அதில் முகாம், கூட்டம், மழை, அவன் விடுப்பு எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். மீதி 160 நாளும் அவன் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு என்னுடைய ஒரு மணி நேரத்தைவிட உங்களுடைய தினசரிப் பத்து நிமிடம்தான் அதிகம் உதவும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? தமிழ் எழுத்திலேயே ஓர் உதாரணம். 'கொடி' என்ற சொல்லைக் 'கெடி' என்று ஒரு பிள்ளை படிக்கிறது, இன்னொரு நாள் 'காடி' என்கிறது. கவனமில்லை என்று குட்டு விழுகிறது. கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் முறை துணைக்காலை விட்டிருக்கிறது, அடுத்த முறை கொம்பை விட்டிருக்கிறது. நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கும், ஆனால் அதன் ஒலி 'க'வுக்குப் பின்னால் வரும். 'கொ'வில் உயிரொலியின் குறி மெய்யை இரண்டு பக்கமும் அணைத்து நிற்கிறது. கண் இடமிருந்து வலம் போக, வாய் குதித்துப் போய்த் திரும்ப வேண்டும். நமக்கு அது பழகிவிட்டதால் தெரிவதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் அது புதுப் பாதை. இதில் 247 எழுத்தையும் வரிசையாக மறுபடி எழுதச் சொன்னால் கை வலிக்கும், வேறொன்றும் நடக்காது. ஏற்கெனவே தெரிந்த நான்கே மெய்களை எடுத்துக்கொண்டு, அவற்றோடு ஒற்றைக்கொம்பு மட்டும் ஒரு வாரம். கொம்பு ஒரு நிறம், மெய் ஒரு நிறம். உப்புத்தாள் எழுத்தில் விரலை ஓட்டிக்கொண்டே ஒலிக்க வேண்டும். அது மனதில் நின்ற பிறகுதான் துணைக்கால். இவ்வளவுதான் என் 'சிறப்பு'. பையில் மந்திரம் எதுவும் இல்லை.

அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பில் மூன்று கற்றல் நிலைகளை நீங்கள் ஏற்கெனவே சமாளிக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். வகுப்புக்குள்ளேயே ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வேலை கொடுக்கும் பழக்கம் வந்துவிட்ட பிறகு, என் வேலையையும் அங்கேயே, அரும்புக் குழுவின் பாயிலேயே உட்கார்ந்து செய்ய ஏன் விடக்கூடாது? நான் செய்வதை நீங்களும் பார்ப்பீர்கள், நீங்கள் செய்வதை நானும் பார்ப்பேன். எல்லாப் பயிற்சியையும் வகுப்பில் செய்துவிட முடியாது, கழிப்பறைப் பழக்கம், உடலியக்கப் பயிற்சி போன்றவற்றுக்குத் தனியிடம் வேண்டும். வாசிப்புக்கு வேண்டியதில்லை.

"சான்றிதழ் வரட்டும் மிஸ், அப்புறம் பார்க்கலாம்" என்பது நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு பேச்சு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் குறைபாடுகள் ஏழு. கற்றல் குறைபாடு அதில் இல்லவே இல்லை. அதன் இடத்தில் வந்த 2016 சட்டத்தில் அந்தப் பட்டியல் 21ஆக விரிந்தபோதுதான் இந்தப் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் பட்டார்கள். ஆனால் கற்றல் குறைபாட்டுக்குப் பொதுவாக 8 வயது ஆன பிறகே சான்று தருகிறார்கள். 8 வயது என்றால் மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் உங்களுக்குச் சந்தேகம் தட்டிய பிள்ளை அதுவரை என்ன செய்யும்? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உதவித்தொகைக்கு வேண்டும், பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் சொல்வதை எழுதுபவருக்கும் வேண்டும். கொம்பு சொல்லித்தர எந்த அட்டையும் வேண்டாம். உங்கள் சந்தேகத்தை முதல் பருவத்திலேயே என்னிடம் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

காதுக் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. முகாமில் வாங்கிய கருவி பல பள்ளிகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. தொலைந்துவிடும் என்ற பயம், எனக்குப் புரிகிறது. காதில் மாட்டினாலும் 'கீ' என்று விசில் அடிக்கிறது என்று அணைத்து வைத்துவிடுகிறீர்கள். காதுக்குள் செருகும் அச்சு சரியாகப் பொருந்தாவிட்டால் அப்படித்தான் விசில் அடிக்கும். பிள்ளை வளர்கிறது, காதும் வளர்கிறது, பழைய அச்சு தளர்ந்துபோகிறது. அச்சை மாற்றினால் சரியாகிவிடும், எனக்கு ஒரு போன் போதும். அந்தச் சின்ன வட்ட பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துவிட்டால், கருவியை அணைத்து வைத்தாலும் அது தானாகத் தீரும். அதனால் தேவைப்படும் அன்றைக்கு மட்டும் உரியுங்கள்.

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவதில் மூழ்கினால் மற்றவர்தான் ஐந்து வகுப்புக்கும். ஆளும் போதவில்லை: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. அதற்கான பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட்டது. நான் இன்னும் ஒப்பந்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சண்டை வேறு இடத்தில் போட வேண்டியது, அதற்கான மடலும் வேறு முகவரிக்கு. பணியிடம் வரும்வரை அந்தப் பையன் ஒன்பது வயதிலேயே நிற்கப் போவதில்லை என்பதால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

தண்ணீர்த் தொட்டிப் பையன் விஷயத்தில் நாங்கள் செய்தது சின்ன மாற்றம்தான். விளையாட்டுப் பாடவேளை அவனுக்கே திரும்பிப் போனது. நான் தமிழ்ப் பாடவேளையில் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் அவன் ஆசிரியர் தினமும் ஒரே வரி எழுதிவைப்பார்: "இன்று 'மெ' வந்தது, 'தெ' வரவில்லை." புதன்கிழமை நான் அங்கிருந்து தொடங்குவேன். அந்த ஆண்டு முடியும்போதும் அவன் மெதுவாகத்தான் படித்தான், சரளம் வரவில்லை. ஆனால் 'கொடி'யைக் கொடி என்று படித்தான். நான் போனால் ஒளியவுமில்லை.

அடுத்த வாரம் நான் வரும்போது ஒரு நோட்டும், எந்தப் பாடவேளையில் அவனுக்கு என்ன நஷ்டம் என்ற தகவலும் எடுத்துவைத்திருங்கள். டீ இருந்தால் நல்லதுதான்.

இப்படிக்கு,
உங்கள் ஒன்றியத்தின் சிறப்புப் பயிற்றுநர்களில் ஒருத்தி