எல்லாவற்றுக்கும் 'திருப்தி' போடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. கடைசி வருட மாணவர்களுக்குக் கல்லூரி அனுப்பியிருக்கும் சர்வேயில் எல்லாக் கேள்விக்கும் 'திருப்தி' என்று டிக் போட்டு முடித்துவிடப் போவதாகச் சொன்னாய். "எதுக்கும்மா வம்பு, இன்னும் நாலு மாசம்தானே" என்றாய். இந்த 'எதுக்கு வம்பு' என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் எம்.டி.க்குச் சமமான இன்னொரு டாக்டர் படிப்பான டி.ஓ.வில், அதாவது ஆஸ்டியோபதி மருத்துவத்தில், நீ சேர்ந்தபோது மதுரையிலிருந்து பெரியம்மா, "எம்.டி. இல்லையா? அப்போ எலும்பு வைத்தியமா?" என்று கேட்டாள். "மெடிக்கல்தான் அக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். டி.ஓ.வும் முழு டாக்டர்தான், மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்து அறையில் நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்கு உன்னிடம் நான் மன்னிப்பே கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

முதல் வருடம் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தாயே, அன்றுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜையில் உன் தலைமுடி ஒன்றைத் தாளுக்கு அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடினாய். ஒரு தாள், அப்புறம் இரண்டு, மூன்று. ஐந்தாவது தாளுக்கு மேலேயும் "இதோ இருக்கு" என்றாய். தூக்கிப் பார்த்தால் முடி அங்கேயேதான். கையால் தொட்டு நோயறிந்து சிகிச்சை தரப் பழக்கும் ஓ.எம்.எம். லேபில், ஒருவர் முதுகில் ஒருவர் பழகிய கை. அன்று ராத்திரி என் கழுத்தில் கை வைத்தாய். நான் வாய் திறக்கும் முன்பே உன் விரல் வலது பக்கம் வலிக்கிற இடத்தில் போய் நின்றது. எத்தனையோ டாக்டர்களிடம் அந்த வலியைச் சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார்கள். தொட்டுப் பார்த்தது நீதான்.

அப்புறம் மிசௌரியில் கிர்க்ஸ்வில் அருங்காட்சியகத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாய். உங்கள் ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் பிறந்த மரக் குடிசையை வர்ஜீனியாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1864இல் மூளைக்காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். தானே வைத்தியர், ஆனால் அந்தக் காலத்து மருந்து ஒன்றும் கைகொடுக்கவில்லை. அந்த வேதனையிலிருந்து வேறு வழி தேடியவர், 1892இல் அங்கே ஆஸ்டியோபதிப் பள்ளி தொடங்கி முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் நீ எங்களுக்குச் சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதை சர்வேயில் எழுது. ஆனால் மூன்றாம் வருடத்தையும் எழுது.

கல்லூரிக்கென்று சொந்த ஆஸ்பத்திரி இல்லை. அதனால் ரொட்டேஷன் என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வேறு வேறு ஊர்தான். ஒரே வருடத்தில் மூன்று ஊர் மாறினாய். ஒவ்வொரு தடவையும் குக்கரைத் துண்டில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, யாரையும் தெரியாத ஊருக்குத் தனியாக ஓட்டிப் போனாய். குழந்தைகள் பிரிவு ரொட்டேஷனை இரண்டு வாரம் இருக்கும்போது ரத்து செய்துவிட்டு, 'மாற்று ஏற்பாடு நடக்கிறது' என்று ஒரு ஈமெயிலோடு நிறுத்திக்கொண்டார்கள். பரீட்சையும் இரட்டிப்பு. டி.ஓ.க்களுக்கான லைசென்ஸ் பரீட்சை காம்லெக்ஸ் கட்டாயம். 2020க்குள் எம்.டி., டி.ஓ. ரெசிடென்ஸிகள் (பட்டத்துக்குப் பிறகான ஆஸ்பத்திரிப் பயிற்சிகள்) எல்லாம் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டதால், எம்.டி. மாணவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அவர்கள் எழுதும் லைசென்ஸ் பரீட்சையான யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுதினாய். இரண்டுக்கும் தனித்தனி ஃபீஸ், ஒரே தூக்கமின்மை. நீ அழுதபோது, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு" என்றேன். கேட்டுக்கொண்டிருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.

உனக்குப் பிடித்த படிப்பு இது. பிடித்ததால்தான் குறையைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. எந்த ரொட்டேஷன், எத்தனை நாள் முன்னால் சொன்னார்கள், எங்கே தங்கினாய், எவ்வளவு செலவு என்று விவரமாக எழுது. அடுத்த வருடம் இன்னொரு பெண் அதே நெடுஞ்சாலையில் குக்கரோடு போகப் போகிறாள்.

உனக்கு எந்த ஆஸ்பத்திரியில் ரெசிடென்ஸி என்று தெரியவரும் மேட்ச் டேக்கு, மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை, நானும் அப்பாவும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. போன ஞாயிறு பெரியம்மாவிடம் டி.ஓ. என்றால் என்னவென்று அரை மணி நேரம் சொன்னேன். கேட்டு முடித்ததும் தன் முழங்கால் வலியைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் என்றாள். நேரம் கிடைக்கும்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா